எலுமிச்சை எதைக் கொல்லும், எதைக் கொல்லாது

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட மாணவத் தோழர், "என்ன தலைப்புண்ணே போடட்டும்?" என்று போனில் கேட்டார். "பச்சை மீன்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திங்கிறது பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, "அண்ணே, நம்ம கூட்டம் உணவும் அதிகாரமும் பத்தினது" என்றார். "அதைத்தாம்பா பேசப் போறேன்" என்றேன்.

நான் எழுத்தாளன் இல்லை. சரக்குக் கப்பல்களில் இருபது வருசம் சமையல்காரனாக இருந்தவன். சட்டியும் கத்தியும்தான் எனக்குத் தெரியும். அதனால் சமையலிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கம்மா உப்புக்கண்டம் போடுவதில் கெட்டிக்காரி. மாட்டுக்கறியை விரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, கயிற்றில் கோர்த்து வெயிலில் கட்டும். உப்பு கறியிலிருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். வெயில் அதைக் காய வைக்கும். தண்ணீர் வற்றிய கறியில் கிருமி பெருக முடியாது. இந்த விஞ்ஞானத்தை எங்கம்மாவுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. அதன் அம்மாவிடம் கற்றுக்கொண்டது.

நாங்கள் டவுனில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் மொட்டைமாடிக் கொடியில் கண்டம் தொங்கியதை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார். "சீ... இதையா திங்கிறீங்க?" அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை, சாதி பேர் சொல்லவில்லை. மாசம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தோம். அந்த 'சீ' இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒரெழுத்துக்குள் சாதி மொத்தமும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

இப்போது பெரு நாட்டுக்கு வாருங்கள். தென்னமெரிக்காவின் மேற்குக் கரை. 1999-இல் எங்கள் கப்பல் லிமா நகரத்தின் துறைமுகமான கயாவோவில் பழுது பார்க்க நின்றது. என்னோடு சமையலறையில் வேலை செய்த பெருக்காரத் தோழன் ஒருவன், மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த தன் சித்தியிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நாலு ஸ்டூல், ஒரு பலகை, ஒரு கத்தி. அந்த அம்மா காலையில் வந்த மீனைத் தோல் உரித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு, உப்பு தூவி, எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, மெல்லிசாக அரிந்த சிவப்பு வெங்காயமும் மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுக் கிளறி, பத்து நிமிசத்தில் என் முன்னால் வைத்தது. அடுப்பே இல்லை. பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும். இதற்குப் பேர் செவிச்சே.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீ... பச்சையாவா திங்கிறீங்க?"

தமிழில்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு பாஷை புரியவில்லை. ஆனால் முகம் புரிந்துவிட்டது. தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கம்மா கொடியிலிருந்து கண்டத்தை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டதே, அதே மாதிரி. தோழர்களே, வீட்டுக்கார அம்மாவின் சொல் என் வாயில் உட்கார்ந்திருந்தது. நான் தட்டை வாங்கித் தின்றேன். முதல் வாய் வெட்கத்தில் தின்றேன். ரெண்டாவது வாய் ருசித்துத் தின்றேன்.

அருவருப்பு நாக்கில் பிறப்பதில்லை. கற்பிக்கப்படுகிறது. யார் யாரைப் பார்த்து முகம் சுளிக்கலாம் என்பதை ஒரு சமூகத்தின் அதிகாரம் தீர்மானிக்கிறது. ஒடுக்கப்பட்டவனும் அதைக் கற்றுக்கொண்டு, தனக்குக் கீழே யாராவது கிடைத்தால் பிரயோகிக்கிறான். நான் பிரயோகித்தேன்.

சரி, அந்தச் சட்டிக்குள் என்னதான் நடக்கிறது? மீன் சதை புரதம். நெருப்பில் வைத்தால் சுருண்டிருக்கிற புரதம் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெளுத்து இறுகும். எலுமிச்சைச் சாற்றிலிருக்கிற சிட்ரிக் அமிலமும் இதையே செய்கிறது. கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையாகிறது. பார்க்க வெந்த மாதிரி இருக்கும். ஆனால் வேகவில்லை. சூடு செய்கிற எல்லாக் காரியத்தையும் அமிலம் செய்வதில்லை. இதை மறக்காதீர்கள், பின்னால் இதற்கே திரும்பி வரப் போகிறேன்.

இந்தச் சட்டிக்குள் வரலாறும் இருக்கிறது. எலுமிச்சை அமெரிக்கக் கண்டத்து மரமில்லை. ஆசியாவிலிருந்து அரபுநாடுகள் வழியாக ஸ்பெயினுக்குப் போய், 16-ஆம் நூற்றாண்டில் ஆக்கிரமிப்பாளர்களோடு அங்கே போனது. மிளகாய் எதிர்த்திசையில் வந்தது. அமெரிக்காவில் விளைந்த மிளகாயைப் போர்த்துக்கீசியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். நம் ஊறுகாய் ஜாடியிலும் அவர்கள் செவிச்சேவிலும் இருப்பது இதே ரெண்டு பொருள்தான். 'தூய பாரம்பரியச் சமையல்' என்று யாராவது பேசினால், மிளகாயைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொரு சங்கதி. முன்பெல்லாம் மீனை எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறப் போடுவார்களாம். அதைச் சில நிமிசமாகக் குறைத்தவர்கள் பெருவில் குடியேறிய ஜப்பானிய வம்சாவளிச் சமையல்காரர்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1899-இல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் அவர்களின் முன்னோர். 1940-இல் லிமாவில் அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 1,800 பேரைப் பிடித்து அமெரிக்காவின் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பச்சை மீனை மதிக்கத் தெரிந்த அந்தக் கூலிகளின் பிள்ளைகள்தான் இன்றைய செவிச்சேவின் பக்குவத்தைக் கொடுத்தவர்கள்.

இனி 1991. அந்த வருசம் ஜனவரி கடைசியில் பெருவின் கடற்கரை ஊர்களில் காலரா வெடித்தது. தென்னமெரிக்காவுக்கு அந்த நூற்றாண்டில் அதுதான் முதல் பெரிய காலரா. அந்த ஒரே வருசத்தில் பெருவில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. ஏறக்குறைய 2,900 பேர் செத்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் கிராமம் கிராமமாக உழைத்த சுகாதார ஊழியர்கள் இல்லையென்றால் சாவு பல மடங்கு ஆகியிருக்கும்.

பழி முதலில் எங்கே விழுந்தது? செவிச்சே தட்டின் மேல். பச்சை மீன் தின்னாதே என்றது சுகாதாரத் துறை. பல நாடுகள் பெருவின் மீனை வாங்க மறுத்தன. மீனவனும் தள்ளுவண்டிக்காரனும் வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டார்கள். மீன் வியாபாரம் படுத்துவிடுமே என்று ஜனாதிபதி புஜிமோரி காமிரா முன்னால் செவிச்சே தின்று காட்டினார். எச்சரித்த சுகாதார அமைச்சர் மார்ச்சில் பதவி விலகினார். ஒரு பக்கம் 'சீ', இன்னொரு பக்கம் விளம்பரம். ரெண்டுக்கும் நடுவில் உண்மை தொலைந்து போனது.

உண்மை எங்கே இருந்தது? துருகியோ என்ற நகரத்தில் ஆய்வாளர்கள் வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். குளோரின் போடாத குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தவர்களுக்கே நோய் அதிகம். தண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது. சுத்தமான தண்ணீர் கொடுக்க வேண்டியது அரசு. பழி மீன்காரி தலையில். இந்த வித்தை நமக்குப் புதுசா, தோழர்களே? சாக்கடை வசதி செய்து தராமல், 'அங்கே அசுத்தமா இருப்பாங்க' என்று ஊர் நம்மைச் சொல்கிறதில்லையா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. பக்கத்து நாடான எக்வடோரில் குவயாகில் நகரத்து ஆய்வில், கொதிக்க வைக்காத தண்ணீரோடு சேர்த்துப் பச்சைக் கடலுணவும் காரணங்களில் ஒன்றாக வந்தது. வேக வைத்த நண்டும்கூட வந்தது. ஆக மீன் முழு நிரபராதி இல்லை. ஆனால் எலுமிச்சையும் சும்மா இல்லை. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. பெருவின் அமேசான் பகுதியில் இக்கிட்டோஸ் என்ற ஊரில், புளிப்பு மிகுந்த எலுமிச்சை இனப் பழச்சாறு குடித்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது என்று ஆய்வு காட்டியது. அந்தச் சித்தி அனுபவத்தில் செய்ததற்கு அர்த்தம் இருந்தது.

பிறகு காலம் மாறியது. 2004-இல் பெரு அரசு செவிச்சேவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தென்று அறிவித்தது. அதற்கென்று ஜூன் 28-ஐ ஒரு நாளாக ஒதுக்கினார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெரிய ஓட்டல்களில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு அது ஏறியது. நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுக்கு மரியாதை கிடைத்த வேகத்தில், அதைப் பிழைக்க வைத்த கைகளுக்கு மரியாதை கிடைக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'ஆக, உழைக்கிற மக்களின் உணவெல்லாம் நல்லது, குறை சொல்கிறவனெல்லாம் ஆதிக்கவாதி' என்று நினைத்தால் அங்கேதான் குழி இருக்கிறது. அந்தக் குழியைக் காட்ட உங்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிப் போகிறேன்.

வடகிழக்குத் தாய்லாந்துக்கு ஈசான் என்று பேர். லாவ் மொழிக் குடும்பத்து மக்கள், ஏழை விவசாயிகள். பாங்காக் நகரத்தில் கட்டட வேலை, டாக்சி, வீட்டுவேலை எல்லாம் பெரும்பாலும் இவர்கள். 'லாவ்' என்ற சொல்லையே நகரத்தார் வசவாகச் சொல்வதுண்டு. இவர்களின் பண்டம் 'கோய் ப்ளா'. ஆற்றிலும் குளத்திலும் பிடித்த சின்ன மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்துப் பொடித்த அரிசி, புதினா எல்லாம் போட்டுப் பிசைவார்கள். வயற்காட்டில் பத்து பேர் சுற்றி உட்கார்ந்து தின்கிற சாப்பாடு. மாட்டுக்கறியிலும் இதே முறையில் 'கோய்' உண்டு. பித்தநீர் விட்டுக் கசப்பாகத் தின்பார்கள். கேட்கும்போதே நமக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கிறதில்லையா?

ஆனால் அந்தக் குளத்து மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரல் புழுவின் கரு இருக்கிறது. எலுமிச்சை அதைக் கொல்லாது. அது மனிதனின் பித்தக்குழாயில் போய் வருசக்கணக்கில் தங்கிப் புண்ணாக்கும். 20, 30 வருசம் கழித்துப் பித்தநாளப் புற்றுநோயாக வெளியே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிப்படுத்தியது. இந்த நோய் உலகிலேயே மிக அதிகமாக இருக்கிற இடம் அந்த ஈசான்தான். கோன் கேன் நகரத்து அறுவை மருத்துவர் நரோங் குந்திக்கியோவின் தாய், தகப்பன் ரெண்டு பேருமே இதில் செத்தார்கள். அவர் அந்த மண்ணின் பிள்ளை. ஊர் ஊராகப் போய், 'இதை வேக வைத்துத் தின்னுங்கள்' என்று மன்றாடினார். அவரைப் பார்த்து 'நம்ம பண்பாட்டைக் கேவலப்படுத்துறான்' என்று சொல்ல முடியுமா?

இந்தப் புழுவும் வறுமையின் புழுதான். மனிதக் கழிவு தண்ணீரில் கலந்து, அங்கிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மறுபடி மனிதனுக்கு. கழிப்பறை இருந்தால் சங்கிலி அறுபடும். லாவா என்ற ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மருந்து, பள்ளிக்கூடப் பாடம், மீன், பூனை, நாய் எல்லாவற்றையும் சோதிப்பது என்று சேர்த்துச் செய்தார்கள். நூற்றுக்கு 60 என்றிருந்த தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. யாரும் அந்த மக்களைப் பார்த்துச் 'சீ' சொல்லித் திருத்தவில்லை. உட்கார்ந்து பேசித்தான் செய்தார்கள்.

என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் வேலையை விட்டு வந்த புதுசில், சென்னையில் தோழர்களுக்குச் செவிச்சே செய்து காட்டினேன். 'அருவருப்பை உடைக்கிறேன் பார்' என்ற வீராப்பு. மத்தியானம் சந்தையில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை மீனை வாங்கினேன். தின்ற ஒரு மணி நேரத்துக்குள் ரெண்டு தோழர்களுக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செவிலியர் தோழர் ஒருவர் பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். சூரை, அயிலை, வஞ்சிரம் மாதிரி மீன்களை ஐஸில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சதையில் ஊறும். எலுமிச்சை அதை முறிக்காது, ஐஸ் முறிக்காது, வேக வைத்தாலும் போகாது. "அண்ணே, அருவருப்புக்கு எதிராப் பேசுறது உங்க உரிமை. ஆனா ஆபத்து உங்க பேச்சைக் கேக்காது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு:

கடல் மீன் மட்டும். ஆற்று மீன், குளத்து மீன், வளர்ப்புக் கெண்டை எதையும் பச்சையாகத் தொடாதீர்கள். பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்த மீனாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குழம்பு வையுங்கள்.

கடல் மீனிலும் அனிசாகிஸ் என்ற புழு உண்டு. எலுமிச்சையில் நாள் கணக்கில் கிடந்தாலும் சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் சாகும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது, கரண்டும் நிற்காது. உறைய வைப்பதும் புழுவைத்தான் கொல்லும், பாக்டீரியாவையும் வைரசையும் கொல்லாது. எலுமிச்சை காலரா இனக் கிருமிகளை நன்றாகக் குறைக்கும், சால்மோனெல்லாவை அந்த அளவுக்குக் குறைக்காது.

அதனால் நம் வீடுகளுக்கு நான் சொல்கிற வழி இதுதான். அரைக் கிலோ மீன் துண்டோ உரித்த இறாலோ எடுத்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் உள்ளே வரை வெளுக்கும்படி வேக வைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள். ஐஸும் காய்ச்சிய தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு எலுமிச்சம்பழம். கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழிந்தால் தோல் கசப்பு இறங்கும், மெதுவாகப் பிழியுங்கள். ஒன்றரை ஸ்பூன் உப்பு, ரெண்டு பச்சை மிளகாய், ஒரு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து தண்ணீரில் அலசிப் போடுங்கள். கொத்தமல்லி. கால் மணி நேரம் ஊறினால் போதும். அவித்த சர்க்கரைவள்ளியோடு தின்னுங்கள். இது போலி இல்லை. எக்வடோரில் இறால் செவிச்சேவை வேக வைத்துத்தான் செய்கிறார்கள். சட்டியில் நிற்கிற சாற்றுக்குப் பெருவில் 'புலிப்பால்' என்று பேர், அதையும் குடிப்பார்கள்.

கிளிஞ்சல், மட்டி வகைகளைப் பச்சையாக வேண்டாம், மஞ்சள் காமாலை வைரஸ் அதில் தங்கும். கறி விசயத்தில் நான் கண்டிப்பு. பச்சை மாட்டுக்கறியில் நாடாப்புழு உண்டு. பச்சைப் பன்றிக்கறியில் மூளைக்காய்ச்சல் வந்து காது செவிடாகிப் போகச் செய்யும் கிருமி உண்டு, தாய்லாந்தில் நிறையப் பேர் அனுபவித்திருக்கிறார்கள். கறியை வேக வைத்து அரிந்து, அப்புறம் எலுமிச்சை, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி, புதினா போடுங்கள். கோயின் ருசி அந்தக் கூட்டில் இருக்கிறது, பச்சையில் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி, சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் பச்சையாக எதையும் தின்ன வேண்டாம்.

தோழர்களே, முடிக்கிறேன். அருவருப்பு வேறு, ஆபத்து வேறு. அருவருப்பைச் சாதி உண்டாக்கியது, ஆபத்தைக் கிருமியும் புழுவும் உண்டாக்குகின்றன. ஆதிக்கச் சாதிக்காரன் ரெண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகக் குழப்பி, தன் முகச்சுளிப்புக்கு 'சுகாதாரம்' என்று பேர் வைக்கிறான். நாம் கோபத்தில் அதையே திருப்பிப் போட்டு, உண்மையான ஆபத்தையும் 'ஆதிக்கப் பேச்சு' என்று தள்ளிவிடுகிறோம். ரெண்டிலும் செத்துப் போகிறது நம் ஆள்தான். முதலாவதை எதிர்த்துப் போராட வேண்டும். ரெண்டாவதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவின் உப்புக்கண்டக் கயிற்றிலும் இந்த ரெண்டும் இருந்தது. மானமும் இருந்தது, விஞ்ஞானமும் இருந்தது.

வாசலில் ஒரு பெரிய சட்டியில் இறால் செய்து கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வேக வைத்ததுதான், பயப்பட வேண்டாம். கிழங்கும் இருக்கிறது. எல்லோரும் தின்றுவிட்டுப் போங்கள். பிடிக்கவில்லையென்றால், "பிடிக்கலண்ணே" என்று தாராளமாகச் சொல்லுங்கள். 'சீ' மட்டும் வேண்டாம்.